கலாவதி தேடிய பிபிங்கா

ஹீத்ரோ விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்பவர்களின் ஓய்வறையில், பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐம்பது தாண்டிய ஒரு பெண் கண்ணை மூடி முகர்ந்து முகர்ந்து பார்ப்பதைக் கண்டால் புதியவர்கள் பயந்துபோவார்கள். பழையவர்கள் பார்க்காதது போல இருந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியும். கலாவதி தன் புருசனின் கடைசிச் சாப்பாட்டைத் தேடுகிறாள்.

அந்தச் சாப்பாட்டின் பெயர் பிபிங்கா. பிலிப்பீன்ஸ்காரர்கள் நத்தார்க் காலத்தில், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாட்களில், விடியற்காலைப் பூசை முடிந்து வரும்போது தேவாலய வாசலில் வாங்கிச் சாப்பிடும் அரிசிமாப் பணியாரம். மாவில் தேங்காய்ப்பாலும் சீனியும் கலந்து, வாழையிலை விரித்த சட்டியில் ஊற்றி, கீழேயும் மேலேயும் நெருப்பு வைத்துச் சுடுவார்கள். இன்றைக்கு இதையெல்லாம் கலாவதி நித்திரையிலும் சொல்லுவாள். ஆனால் தேடத் தொடங்கியபோது அவளுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அவளிடம் இருந்தது ஒரு தொலைபேசிப் பேச்சு மட்டும்தான்.

கொரோனா வந்த முதல் வசந்தம். ஹவுன்ஸ்லோவில் அவர்களுடைய தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நிற்காத வீடுகளை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்கும் வேலை பார்த்த பரமேஸ்வரனுக்குக் காய்ச்சல் வந்து, இருமல் வந்து, கடைசியில் மூச்சு இழுக்க ஏலாமல் போனது. கூட ஏற விடமாட்டோம் என்று ஆம்புலன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கதவடியில் நின்ற கலாவதிக்கு என்ன சொல்லி அனுப்புவதென்று தெரியவில்லை. அவர்தான் முகக்கவசத்தை விலக்கிவிட்டுக் கேட்டார்.

“கலா, அடுப்பை நிப்பாட்டினனீரோ?”

உள்ளே பயறு அவிந்துகொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஓடினாள். அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அதற்குள் வண்டியின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. நிப்பாட்டிவிட்டேன் என்ற சொல் அவள் வாயிலேயே நின்றுபோனது.

இதைவிட அவளை அரித்த விஷயம் ஒன்று இருந்தது. மகள் ஜதுர்ஷிகா குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குஞ்சுப் பறவை போலக் கிடந்த நாட்களில், கலாவதி ஈலிங் அம்மன் வாசலில் விழுந்து ஒரு நேத்தி வைத்திருந்தாள். பிள்ளை தப்பினால் எங்கள் வீட்டில் ஒருவரும் மச்சம், மீன் இறைச்சி முட்டை எதுவும், தொடமாட்டோம் என்றாள். பிள்ளை தப்பியது. காலைப் பிட்டுக்கு முட்டைப் பொரியல் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் பரமேஸ்வரன், அன்று பின்னேரமே குளிர்ப்பெட்டியில் இருந்த முட்டைகளை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஞாயிறு காலைகளில் ஹை ஸ்ட்ரீட் கஃபேயைக் கடக்கும்போது மட்டும் அவருடைய நடை கொஞ்சம் மெதுவாகும். கலாவதி அதைக் கண்டும் காணாதவள் போல வருவாள்.

ஆஸ்பத்திரியில் இருந்து முதல்முறை பேசியபோது அவள் அழுதுகொண்டே சொன்ன வார்த்தை இதுதான். “மச்சம் கிச்சம் தந்தா தொடாதேங்கோ அப்பா. நேத்தியை நினைச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் நினைத்துக்கொண்டார். எந்தச் சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறதோ என்று தட்டுத்தட்டாகத் திருப்பி அனுப்பினார். சாப்பிடுகிறார் இல்லை என்று வார்ட்டிலிருந்து மகளுக்குச் சொன்னார்கள். கலாவதி சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நேத்தியை விடுங்கோ, எதையாவது தின்னுங்கோ என்று சொல்வதற்கு அவளுக்கு மனம் வந்தது, நாக்கு வரவில்லை. பிள்ளையின் உயிருக்கு வைத்த நேத்தி அல்லவா.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அழைப்பு வந்தது. குரல் நூலாக மெலிந்திருந்தது, ஆனால் அதில் ஒரு உசார் இருந்தது.

“கலா, இண்டைக்குச் சாப்பிட்டனப்பா.”

பிலிப்பீன்ஸ் பிள்ளை ஒன்று, நர்ஸ், தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியில் இருந்து தந்ததாம். எங்களுடைய அப்பத்துக்குத் தடிச்ச தம்பி மாதிரி இருந்ததாம். அடியில் வாழையிலை கருகின மணமாம். மேலே உப்பாக வெள்ளைத் துண்டாம்.

“அது என்ன வெள்ளை? முட்டை கிட்டை இல்லைத்தானே?”

“சீஸ் எண்டுறன். அந்தப் பிள்ளையின்ர பெரியம்மா சுடுறவவாம். எங்கட ஹவுன்ஸ்லோப் பக்கம்தானாம். வந்தோடன போய்க் கேட்டுப் பழகும்.”

அவர் வரவில்லை. அந்தப் பேச்சே கடைசிப் பேச்சானது. எரியூட்டியதைக்கூடக் கலாவதி மகளின் கைப்பேசியில்தான் பார்த்தாள்.

பிறகு அவள் கேட்காத இடமில்லை. அந்த வார்ட் அவசரத்துக்குத் திறந்த வார்ட், இப்போது இல்லை என்றார்கள். வேலை செய்தவர்கள் ஏஜென்சிக்காரர்கள், பெயர் தரச் சட்டம் இல்லை என்றார்கள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் மூச்சு அடங்கும்போது பக்கத்தில் ஒரு மனிதச் சீவன் இருந்ததா, அல்லது என் வார்த்தைக்காகப் பட்டினி கிடந்து தனியாகத்தான் போனாரா. அதைச் சொல்லக்கூடியவள் அந்த நர்ஸ். அவளிடம் போக இருந்த ஒரே வழி அந்தப் பணியாரம்.

முதலில் கூட வேலை செய்யும் மரிவிக்கைப் பிடித்தாள். மரிவிக் மணிலாக்காரி, பெரிய சிரிப்புக்காரி. பெயரைச் சொல்லித் தந்ததும் அவள்தான். அடுத்த கிழமையே வீட்டில் சுட்டுக் கொண்டுவந்து தந்தாள். முட்டை இல்லாமல், மேலே சீஸ் துருவி, கடதாசிக் கிண்ணத்தில் வைத்த சின்னச் சின்ன வட்டங்கள். கடை அரிசிமா. இனிப்பு தொண்டையைப் பிடித்தது. இலை இல்லை. கலாவதி ஒரு வாய் தின்றுவிட்டு, இது கேக் என்று சொல்லி அழுதாள். மரிவிக் பாவம், தன்னுடைய கைப்பக்குவம் அவ்வளவு மோசமா என்று மற்றவர்களைக் கேட்டுத் திரிந்தாள்.

ஏர்ள்ஸ் கோர்ட்டில் ஒரு கடைக்குப் போனாள். அங்கே வாழையிலை இருந்தது. ஆனால் சுட்டு முடித்த பிறகு அழகுக்கு அடியில் வெட்டி வைத்த இலை. பச்சை மாறாமல், மணமில்லாமல், பிளாஸ்டிக் உறைக்குள் குளிர்ந்துபோய்க் கிடந்தது. சவுத்தோலில் தேவாலயச் சந்தையில் ஒரு தம்பதி விற்றார்கள். அரிசியை ஊறவைத்து அரைத்த மா, அப்ப மாவைப் போல மெல்லப் புளித்தது. நாக்கு அதை உடனே அடையாளம் கண்டது. ஆனால் அவர்கள் சுட்டது மின்சார அடுப்பில். கருகல் மணம் வரவில்லை. அந்தத் தம்பதிக்கு நர்ஸ் வேலை செய்யும் சொந்தம் யாருமில்லை என்றும் சொன்னார்கள். வீட்டில் சுட்டு விற்கும் பெண்களைத் தேடி ஃபெல்தம், ஹேய்ஸ் என்று பஸ் ஏறினாள். எங்கே போனாலும் அவள் வாயிலிருந்து முதலில் வரும் சொல், முட்டை போடாமல் செய்யுங்கோ என்பதுதான். புருசன் தின்றதில் முட்டை இல்லை. அது அவளுக்குச் சூரியன் கிழக்கில் உதிப்பது போல நிச்சயம். திவசத்துக்கு இலையில் படைக்கவேண்டியதும் அதுதான்.

கிரான்ஃபோர்டில் ஒருத்தி மட்டும் முகத்தில் அடித்தது போலச் சொல்லியிருந்தாள். பெயர் லூர்தெஸ். கைம்பெண், குள்ளம், சுருக்கென்ற நாக்கு. முட்டை இல்லாமல் சுட்டால் அது பிபிங்கா இல்லை, மாவிலே உண்டு, மேலேயும் உப்பில் ஊறிய வாத்து முட்டை உண்டு, உன்னுடைய கடவுளுக்கு அது பிடிக்காவிட்டால் வேறு கடையைப் பார் என்றாள். கலாவதி அவமானத்தில் குன்றி, மா எப்படி, இலை எப்படி என்று பார்க்காமலே திரும்பி வந்துவிட்டாள். பிறகு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

வருசங்கள் போயின. ஒவ்வொரு திவசத்துக்கும் இலையில் மோதகமும் வடையும் பாயாசமும் இருக்கும். ஒரு மூலை வெறுமையாக இருக்கும். பரமேஸ்வரனின் தமையன் தேவராசா ஹரோவில் இருந்து வந்து, முன்னுக்குக் கதிரை போட்டு இருந்து, எல்லாக் கறிக்கும் குறை சொல்லுவார். அந்த மூலையைக் கண்டு ஒருமுறை கேட்டார். “என்ன பிள்ளை, தம்பிக்கு எங்கட பலகாரம் காணாதெண்டு சீனன்ர பலகாரம் தேடுறீராம்?” கலாவதி வடையை இலையில் நகர்த்தி வைத்தாள். ஜதுர்ஷிகாதான், “பெரியப்பா, ப்ளீஸ்” என்றாள்.

மகளும் ஒருநாள் பொறுமையிழந்தாள். அம்மா, அது வெறும் சாப்பாடு, லெட் இற் கோ என்றாள். கலாவதி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “உனக்கு வைச்ச நேத்தியாலதான் அவர் பட்டினி கிடந்தவர்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. பிள்ளை வெளிறிப்போய் மேலே ஏறிப் போனாள். அன்றிலிருந்து தாயும் மகளும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்களைப் போல இருந்தார்கள். தன்னைத் தின்ற அந்தக் கேள்வி இப்போது பிள்ளையையும் தின்னத் தொடங்கிவிட்டது என்று கலாவதி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

இந்த நத்தாருக்கு மரிவிக் ஓய்வறைக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தாள். வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பிபிங்கா. உனக்கில்லை கலா, இதில் முட்டை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லித்தான் மூடியைத் திறந்தாள்.

மூடி திறந்ததும் கலாவதி எழுந்து நின்றுவிட்டாள்.

ஓய்வறை முழுக்கக் கருகிய வாழையிலை மணம். பச்சை இலை தணலில் பட்டுச் சுருண்டு, ஓரம் கறுத்து, தேங்காய்ப்பாலோடு சேர்ந்து வருகிற மணம். இத்தனை காலம் காதால் மட்டும் கேட்டிருந்த மணம். எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். கிரான்ஃபோர்ட் லூர்தெஸிடம் என்றாள் மரிவிக். லண்டனின் இந்தப் பக்கத்தில் மண்சட்டியும் கரியும் வைத்துச் சுடுகிறவள் அவள் ஒருத்திதான், மற்ற எல்லோரும் மின்சார அடுப்பில் சுடுகிறார்கள், அதில் இலை கருகாது என்றாள்.

மணம் லூர்தெஸின் மணம் என்றால், அதற்குள் முட்டையும் இருந்திருக்கிறது. சீஸ் என்று நம்பி, தெரியாமல், சாகக் கிடந்த மனுசன் நேத்தியை முறித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் அவர் போனார். அப்படியானால் அம்மன்தான் கொண்டுபோனாளா? பட்டினி கிடந்து போனார் என்பது ஒரு நரகம். நேத்தி முறிந்து போனார் என்பது அதைவிடப் பெரிய நரகம். ஷிப்ட் முடியும்வரை அவள் கழிவறைத் தரையைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லூர்தெஸின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பின்வளவில் தகரக் கூரைக்குக் கீழே மண்சட்டிகள் வரிசையாகத் தணலில் இருந்தன. மேல்மூடியிலும் தணல். தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போனது. லூர்தெஸ் அவளை அடையாளம் கண்டு, முட்டை இல்லாமல் செய்யமாட்டேன் என்று தொடங்கினாள். கலாவதி அந்த ஈர மண்ணிலேயே இருந்துவிட்டாள். தன் குறை ஆங்கிலத்தில், உங்களுக்கு நர்ஸ் வேலை செய்யும் பெறாமகள், தங்கச்சியின் பிள்ளை, இருக்கிறாளா என்று மட்டும் கேட்டாள்.

லூர்தெஸ் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தாள். பிறகு வந்து, கலாவதியைத் தூக்கி நிறுத்தி, குசினிக்குள் கொண்டுபோய் இருத்தினாள்.

பெறாமகளின் பெயர் ரோவேனா. பூசை முடிந்து பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிட வருகிற நேரம் அது, கொஞ்சத்தில் வந்தும் விட்டாள். முப்பதைக் கடந்த, களைத்த முகமுள்ள பெண். ஓம், அந்த வசந்தத்தில் அந்த வார்ட்டில் வேலை செய்ததாகச் சொன்னாள். கலாவதி கைப்பேசியில் பரமேஸ்வரனின் படத்தைக் காட்டினாள். கோட் சூட்டோடு, மகளின் பட்டமளிப்பில் எடுத்தது.

ரோவேனா நெடுநேரம் பார்த்தாள். இல்லையென்று தலையை ஆட்டினாள். மன்னித்துக்கொள்ளுங்கள் ஆன்ரி, எல்லா முகத்திலும் மாஸ்க் இருந்தது, அத்தனை பேர், எனக்கு நினைவில்லை என்றாள்.

இத்தனை வருசத் தேடல் அந்தக் குசினி மேசையில் உடைந்து கொட்டியது. கலாவதிக்கு அழுகையும் வரவில்லை. போவதற்கு எழுந்தவள், யாருக்கோ சொல்வது போல, அவர் ரெலிபோனில் சொன்னதை ஒருமுறை சொன்னாள். இலை மணம், அப்பம், மேலே உப்பான சீஸ்.

“சீஸா?” என்றாள் ரோவேனா. “சீஸ் என்றா உங்களுக்குச் சொன்னார்?”

அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது. கண் நிறைந்துவிட்டது.

பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான். எந்தத் தட்டையும் தொடாத ஒரு ஐயா இருந்தார். அவளுடைய இடைவேளையில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது மாஸ்க்குக்கு மேலால் அவர் கண் வந்து பெட்டியில் நின்றது. வேண்டுமா என்று கேட்டாள். மேலே வெள்ளையாக என்ன என்று கேட்டார்.

“உப்பில் ஊறவைத்த முட்டை, உள்ளேயும் முட்டை என்று சொன்னேன் ஆன்ரி. நான் மறைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.”

முழுவதையும் தின்றார். மேலே இருந்த முட்டையைக் கடைசிக்கு வைத்துத் தின்றார். பிறகு, என் மனைவியோடு பேசவேண்டும், போனைப் பிடி என்றார். அவளே அதை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களுடைய மொழி அவளுக்கு விளங்கவில்லை. நடுவில் ஒரு சொல் மட்டும் விளங்கியது.

“சீஸ் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். போனை வைத்த பிறகு, அவளுக்குச் சொல்லிவிடாதே என்று சிரித்தார். அந்தக் கிழமை அந்த வார்ட்டில் சிரித்த ஒரே ஆள் அவர்தான். அந்த முகம் எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புத் தெரியும்.”

தெரியாமல் தின்னவில்லை. தெரிந்துதான் தின்றார். பிள்ளைக்காக வைத்த நேத்தியை, பிள்ளை வளர்ந்து பட்டம் வாங்கிய பிறகு, ஒரே ஒரு நேரம், வாய்க்கு ருசியாக, விரும்பி முறித்தார். முறித்துவிட்டு அந்தப் பாரம் அவள் தலையில் ஏறாமல் இருக்க ஒரு பொய்யும் சொன்னார். மூச்சு விட முடியாத மனுசன் தன் கடைசி மூச்சில் பாதியை அவளைப் பேய்க்காட்டச் செலவழித்திருக்கிறார்.

அவள் கேட்கவேண்டியதைக் கேட்டாள். “கடைசி நேரம், பக்கத்தில நீயோ பிள்ளை?”

ரோவேனா இல்லை என்றாள். அடுத்த நாள் அவளுக்கே காய்ச்சல் வந்து வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் இருந்தார். யார் இருந்தார்கள், இருந்தார்களா என்று தனக்குத் தெரியாது என்றாள். தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கலாவதி அந்தப் பெண்ணின் மடியில் முகத்தை வைத்து, அவர் போனதிலிருந்து அழாத அழுகையை அழுதாள். லூர்தெஸ் தணலைப் பார்க்கவும் போகாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். வெளியே ஒரு சட்டி முழுவதும் கருகிப்போனது.

வீட்டுக்கு வந்து மகளின் அறைக் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். “உன்ர நேத்தியால இல்லையடி. கொப்பர் வயிறு நிறையத் திண்டுபோட்டுத்தான் போனவர்” என்றாள். ஜதுர்ஷிகா தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா லையர், பொய்க்காரர் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

திவசத்தன்று ஐயர் வந்து போன பிறகு படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்தார்கள். கலாவதி சோறும் கறிகளும் வைத்தாள். வெறுமையாக இருந்த மூலையில், லூர்தெஸ் அன்று காலை தன் கையால் கொண்டுவந்து தந்த பிபிங்காவை, கருகின இலையோடு, மேலே வெள்ளைத் துண்டோடு வைத்தாள்.

தேவராசா கதிரையில் இருந்தபடியே கழுத்தை நீட்டினார். “இதே அந்தச் சாமான்? மேல என்ன பிள்ளை வெள்ளையா?”

ஜதுர்ஷிகா தாயைப் பார்த்தாள். கலாவதியின் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை.

“சீஸ் பெரியத்தான்.”

“மணம் நல்லாத்தான் கிடக்கு. படைச்சு முடிய எனக்கும் ஒரு துண்டு தாரும்.”

“அது அவருக்கு மட்டும்.”

தேவராசா முறுக்கிக்கொண்டார். கலாவதி இலையிலிருந்து காகத்துக்கு எடுக்கும் பங்கோடு அந்தப் பிபிங்காவையும் முழுதாகத் தட்டில் எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். ஷெட்டின் கூரையில் வைத்தாள். காகம் ஒன்றையும் காணவில்லை. குளிர் காற்று அடித்தது. யார் பக்கத்தில் இருந்தார்கள் என்ற கேள்வி நெஞ்சில் அப்படியேதான் இருந்தது. அது இனிப் போகாது, தன்னோடுதான் எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆம்புலன்ஸ் கதவுக்குச் சொல்ல முடியாமல் போனதை அந்தத் தட்டுக்குச் சொன்னாள்.

“அடுப்பை நிப்பாட்டிப்போட்டன். நீங்கள் சாப்பிடுங்கோ.”